ஜலதோஷம் வாங்கித் தந்த குமாஸ்தா வேலை

தோல் கம்பெனியில் முதலில் வேலைக்குச் சேருவது ஆளின் மூக்கு. மூக்கு நிலைத்தால்தான் ஆள் நிலைப்பான். தோலை ஊறவைக்கிறவனுக்கு மட்டுமல்ல, மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவனுக்கும் இதே சட்டம்தான். பரீட்சையில் சுமாராகத் தேறிவிட்டு, விண்ணப்பத்தில் 'முன் அனுபவம்' என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முதல் வகுப்பில் தேறியவர்கள் தாராளமாக வேறு பக்கத்தைப் புரட்டலாம், எனக்கு வருத்தமில்லை.

நாடு சுதந்திரம் அடைந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். நான் குடியாத்தத்துக்காரன். வீட்டில் கைலித் தறி ஓடிக்கொண்டிருந்தது. வேலூரில் தங்கி பி.காம். படித்து, மூன்றாம் வகுப்பில் ஒரு மாதிரியாகக் கரையேறினேன். அப்பாவுக்கு அதிலேயே பெருமை தாங்கவில்லை. ஆனால் பெருமையோடு ஒரு கெடுவும் வைத்தார். அடுத்த ஆடி மாதத்துக்குள் கம்பெனி உத்தியோகம் கிடைக்காவிட்டால் தறியில் உட்கார்ந்துவிட வேண்டும். உட்காருவதில் எனக்குக் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. நான் நெய்தால் கைலியின் ஒரு கரை மேலேயும் ஒரு கரை கீழேயும் போகும், அதுதான் கஷ்டம். ஊரிலேயே மோசமான நெசவாளி என்று பெயர் எடுப்பதைவிட எங்கேயாவது மோசமான குமாஸ்தாவாக இருந்துவிடலாம் என்பது என் திட்டம்.

லாங் பஜாரில் ஒரு நீதி

முதலில் வேலூர் லாங் பஜாரில் ஏறி இறங்கினேன். கோணி மூட்டைகளுக்கும் கைவண்டிகளுக்கும் நடுவே வளைந்து வளைந்து போய், மொத்த வியாபாரக் கடை ஒவ்வொன்றிலும் என் சான்றிதழை நீட்டினேன். எல்லாரும் அதை வாங்கிப் பார்த்தார்கள். அரசாங்க முத்திரையைத் தடவிப் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "அனுபவம் உண்டா?"

ஒரு மிளகாய் மண்டிக்காரர் மட்டும் மரியாதையாக முக்காலி போட்டு உட்காரவைத்தார். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. வேலை கொடுத்தால்தானே ஐயா அனுபவம் வரும், அனுபவம் இருந்தால்தான் வேலை என்றால் நான் எங்கே ஆரம்பிப்பது என்று மனம்விட்டுக் கேட்டேன். மிளகாய்த் தும்மலுக்கு நடுவே கேட்டேன். அவரும் தலையாட்டிக்கொண்டே கேட்டார். கடைசியில் சொன்னார்: "நீ சொல்றது ஞாயந்தான் தம்பி. வேற எங்கனா போய் அனுபவம் சம்பாரிச்சுகினு வா. ஆனா அப்ப நீ சம்பளம் ஜாஸ்தி கேப்ப, அப்பவும் வேணாம்."

கைகுலுக்கும் பயிற்சி

கோட்டைக்கு எதிரே பழைய புத்தகக் கடையில், உத்தியோக நேர்காணலில் நடந்துகொள்வது எப்படி என்று சொல்லும் ஆங்கிலப் புத்தகம் ஒன்று கிடைத்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரர் எழுதியது. பாதிப் பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது. மிச்சமிருந்த பாதியில் முக்கியமான பாடம் கைகுலுக்குவது. அதிகாரி கையை நீட்டியதும் தயங்கக் கூடாது. முழுக் கையையும் அழுத்தமாகப் பற்ற வேண்டும். கண்ணைப் பார்த்துப் புன்னகை செய்ய வேண்டும். இரண்டு முறை குலுக்க வேண்டும், மூன்றாவது முறை குலுக்கினால் அசட்டுத்தனம். மதிப்பெண் குறைவாக இருப்பவர்களுக்கு இது ஒன்றே துணை என்று எழுதியிருந்தது. அது எனக்காகவே எழுதியது மாதிரி இருந்தது.

பழக ஒரு கை வேண்டுமே. எங்கள் தெருவில் யாரும் யாருக்கும் கை கொடுப்பதில்லை, கும்பிடுதான். அதனால் அப்பா சாப்பிடப் போகும் நேரம் பார்த்துத் தறியின் பிடியைப் பற்றி, கண்ணைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு புன்னகை செய்து, இரண்டு முறை குலுக்கிப் பழகினேன். நாலு நாளில் நன்றாகக் கைவந்துவிட்டது. ஐந்தாவது நாள் அப்பா சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு வந்துவிட்டார். கொஞ்ச நேரம் நிலைப்படியில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "அத இழுத்தா துணியாவது வரும். குலுக்கினா இன்னாடா வரும்?"

"எந்த வாடை?"

மார்கழிக் கடைசியில் ஆம்பூர் தோல் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றிலிருந்து கடிதாசி வந்தது. கணக்குப் பகுதிக்கு ஒரு பயிற்சிக் குமாஸ்தா வேண்டுமாம். நேர்காணலுக்கு முதல் நாள் எனக்குக் கடுமையான ஜலதோஷம். மூக்குத் துவாரம் இரண்டும் சுவர் வைத்த மாதிரி அடைத்துக்கொண்டது. வாயால் மூச்சு விட்டுக்கொண்டே ரயில் ஏறினேன். கம்பெனி வாசல் பெஞ்சில் எனக்கு முன்னால் சென்னையிலிருந்து வந்த முதல் வகுப்புக்காரர் ஒருவர் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார். அத்தர் தெளித்த கைக்குட்டையால் மூக்கை மூடியிருந்தார். உள்ளே போனபோதும் அந்தக் கை இறங்கவில்லை. பாவம், என்ன வியாதியோ என்று நினைத்துக்கொண்டேன்.

என் முறை வந்தது. உள்ளே இரண்டு பேர். ஒருவர் முதலாளி, ஊரில் எல்லாரும் ஹாஜியார் என்பார்கள். வெள்ளைத் தாடி, வெள்ளை ஜிப்பா. மற்றவர் தலைமைக் கணக்கர் வைத்தியநாத அய்யர், மேஜையில் மூக்குப்பொடி டப்பா. நான் வலது கையைத் தயாராக வைத்திருந்தேன். இருவரும் நீட்டவில்லை. அய்யர் என் சான்றிதழைப் பார்த்து, "மூணாம் வகுப்பு. அனுபவமும் இல்லை" என்று முகத்தைச் சுளித்தார். கணக்கு எழுதும் அடிப்படை விதியைக் கேட்டார். "உள்ளே வருவது பற்று, வெளியே போவது வரவு சார்" என்றேன். அது ஒன்றுதான் எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஹாஜியார் சிரித்தார். ஜன்னலைக் காட்டி, "அப்ப இது வழியா ஒரு வாடை உள்ள வருதே, அதை எதுல எழுதுவே?" என்றார்.

நான் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே தொட்டிகளும் காயப்போட்ட தோல்களும் தெரிந்தன. எனக்கு வேறொன்றும் தெரியவில்லை. "எந்த வாடை முதலாளி?" என்று கேட்டேன். பொடி எடுக்கப் போன அய்யர் கை பாதியில் நின்றது. ஹாஜியார் நாற்காலியில் முன்னால் நகர்ந்து வந்து, நிஜமாகவே ஒன்றும் தெரியவில்லையா என்று கேட்டார். நிஜமாக ஒன்றும் தெரியவில்லை என்றேன், அது சத்தியம். அய்யர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஹாஜியார் விடவில்லை: "கணக்க நீங்க கத்துக் குடுத்துடுவீங்க அய்யரே, இந்த மூக்க யாரு கத்துக் குடுக்கிறது? நோன்புப் பெருநாள் வரைக்கும் பழகட்டும். அப்புறம் வெச்சுக்கறதா அனுப்புறதான்னு பாக்கலாம்."

மூக்கு திறந்தது

வேலை கிடைத்த சந்தோஷத்தில் அம்மா மூன்று வேளையும் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை. சேர்ந்த வாரத்திலேயே, கம்பெனி வாசலில் கால் வைத்த நேரத்தில், மூக்கு திறந்துகொண்டது. அந்த நிமிஷத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஊரில் உள்ள செத்த எலிகளையெல்லாம் ஒரே அண்டாவில் போட்டு, சுண்ணாம்பு கரைத்து ஊற்றி, மேலே கடுக்காய்த் தூள் தூவி வைத்தால் எப்படி இருக்கும்? அது தேவலை என்று தோன்றியது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த கோட்டுக்காரருக்கு எந்த வியாதியும் இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

வெளியே சொல்ல முடியுமா? அதற்குள் என் மூக்கு கம்பெனியில் பிரபலமாகிவிட்டது. சென்னையிலிருந்து யார் வந்தாலும் ஹாஜியார் என்னை அழைத்து, தோல் ஊறும் சுண்ணாம்புக் குழி ஓரமாக நடத்திக் காட்டுவார். நான் பூங்காவில் உலாவுகிறவன் மாதிரி நடக்க வேண்டும். அய்யர் பொடி போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்தார். எனக்கு ஒரு சிட்டிகை கொடுக்க அவருக்கு மனமில்லை. அந்த முதல் வகுப்புக்காரரின் விண்ணப்பத்தை அவர் திருப்பி அனுப்பவே இல்லை, மேஜைமேல் கண்ணாடிக் குண்டுக்கு அடியில் என் கண்ணில் படுகிற மாதிரியே வைத்திருந்தார். பெருநாள் வரட்டும் என்று காத்திருக்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. ஒரு நாள் குழி ஓரத்தில் உலாவும்போது, கம்பெனிக்கு ஆட்டுத்தோல் வாங்கிப் போடும் தஸ்தகீர் பாய் எதிரே வந்தார். நல்ல மனிதர், வெற்றிலைச் சிவப்பு வாய், எதையும் பார்த்தவுடன் சொல்லிவிடும் சுபாவம். என் முகத்தைக் கூர்ந்து பார்த்தார்: "இன்னா தம்பி, கண்ணுல தண்ணி ஊத்துது? ஆட்டுக்காக அழுவுற மொத ஆள இப்பதான் பாக்கறேன்."

ரயிலில் தனி மரியாதை

கஷ்டத்தை மட்டும் சொன்னால் நியாயமில்லை. ஒரு வசதியும் உண்டு. சாயங்காலப் பாசஞ்சரில் ஆம்பூரிலிருந்து குடியாத்தம் ஸ்டேஷன் வரை எனக்கு இடமில்லாமல் போனதே கிடையாது. எவ்வளவு நெரிசலானாலும் நான் ஏறினால் பெஞ்சில் ஒரு பக்கம் தானாகக் காலியாகும். கல்யாணக் கோஷ்டிகூட ஒருமுறை தாம்பூலத் தட்டோடு எழுந்து அடுத்த பெட்டிக்குப் போயிற்று. கல்லூரியில் வருஷக்கணக்காகப் படித்தும் கிடைக்காத மரியாதை சேர்ந்த மாதத்திலேயே கிடைத்ததை நினைத்து நான் காலை நீட்டிப் படுத்துக்கொள்வேன்.

டிக்கெட் பரிசோதகர் ஒருவர் அந்தப் பாதையில் புதிதாக வந்திருந்தார். ரொம்பக் கண்டிப்பானவர் என்று பேச்சு. எல்லாருடைய டிக்கெட்டையும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டு வந்தார். என் பெஞ்சுக்கு நாலு அடி இருக்கும்போது நின்றுவிட்டார். நான் எழுந்து டிக்கெட்டோடு அவரை நோக்கிப் போனேன். அவர் இரண்டு கையையும் முன்னால் நீட்டித் தடுத்தார்: "ஆம்பூர்தானே சார்? உக்காருங்க, உக்காருங்க. அங்கேருந்தே காட்டுங்க, எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்."

துண்டுக்குள் ஐந்து விரல்

நோன்பு மாதத்தின் கடைசி வாரம். வழக்கமாகத் தஸ்தகீர் பாயோடு போகும் குமாஸ்தாவுக்குக் காய்ச்சல். பேரணாம்பட்டுத் தோல் சந்தைக்கு அய்யர் என்னை அனுப்பினார். சரக்கு வாங்கினால் சீட்டு எழுதுவது மட்டும்தான் என் வேலை. பஸ்ஸில் பாய் ஒரே ஒரு எச்சரிக்கை செய்தார்: சந்தையில் வாயைத் திறக்காதே. நானும் திறக்கவில்லை. பகல் தொழுகை நேரம் வந்ததும், யாராவது வந்தால் உட்காரவை என்று சொல்லிவிட்டு அவர் பள்ளிவாசலுக்குப் போனார். நான் ஆட்டுத்தோல் குவியல்களுக்கு நடுவே தனியாக நின்றேன். அப்போது ஆந்திரா பக்கத்திலிருந்து சரக்கு கொண்டுவந்த ராமய்யா நாயுடு என்ற பெரிய மனிதர் என்னிடம் வந்தார். கம்பெனி ஆள் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். தோளில் இருந்த துண்டை எடுத்துத் தம் கைமேல் போட்டுக்கொண்டு, அந்தக் கையை என் முன் நீட்டினார். கண் கலங்கிவிட்டது எனக்கு. இத்தனை மாதத்தில் என்னிடம் கையை நீட்டிய முதல் மனிதர். வெயிலுக்காகத் துண்டு போட்டிருக்கிறார் என்று நினைத்தேன். துண்டுக்குள் அவர் என் நாலு விரலைப் பிடித்து அழுத்தினார். அது அந்தப் பக்கத்து வழக்கம் போலிருக்கிறது என்று எண்ணி, நான் தயங்காமல் அவர் ஐந்து விரலையும் சேர்த்து அழுத்தமாகப் பற்றினேன். கண்ணைப் பார்த்துப் புன்னகை செய்தேன். இரண்டு முறை குலுக்கினேன்.

தோல் வியாபாரத்தில் விலையை வாயால் பேசமாட்டார்கள் என்பது கோட்டைக்கு எதிரே வாங்கிய புத்தகத்தில் இல்லை. பக்கத்து ஆளுக்குத் தெரியாமல் இருக்க, துண்டை மூடிக்கொண்டு விரலால் பேசுவார்கள். விற்கிறவர் நாலு விரலைப் பிடித்தால் நாலு கேட்கிறார் என்று அர்த்தம். வாங்குகிறவர் மூன்றைப் பிடிப்பார், முகத்தைச் சுளிப்பார், கையை உதறுவார். நான் ஐந்தைப் பிடித்திருந்தேன், அதுவும் சிரித்துக்கொண்டு. நாயுடு கையைத் தேள் கொட்டிய மாதிரி உருவிக்கொண்டார். கேட்டதற்கு மேல் ஒரு கம்பெனிக்காரன் கொடுக்கிறான் என்றால் சென்னையில் விலை எங்கேயோ ஏறிவிட்டது, செய்தி இவனுக்குத் தெரிந்திருக்கிறது, நமக்குத் தெரியவில்லை என்று அவர் முடிவு கட்டிவிட்டார். "லேது, லேது, இப்புடு அம்மனு" என்று சொல்லிக்கொண்டே போய், தம் குவியலைக் கோணியால் மூடி அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார். இப்போது விற்கமாட்டாராம். அதைப் பார்த்து அடுத்தவரும் மூடினார். பாய் தொழுதுவிட்டு வருவதற்குள் சந்தையில் கோணி போடாத குவியல் ஒன்றுகூட இல்லை.

அன்று ஒரு தோல்கூட வாங்க முடியாமல் வெறும் கையோடு பஸ் ஏறினோம். பெருநாளுக்கு இன்னும் சில நாள்தான். கண்ணாடிக் குண்டுக்கு அடியில் இருக்கும் விண்ணப்பமும், ஒரு கரை மேலே ஒரு கரை கீழே போகும் கைலியும் மாறி மாறிக் கண்முன் வந்தன. என்ன நடந்தது என்று பாய் கேட்டார். அவர் கையைப் பிடித்து அப்படியே செய்து காட்டினேன், புன்னகை மட்டும் வரவில்லை. அவர் என் பிடியிலிருந்து கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "கேட்டதுக்கு மேல குடுக்கிற ஆள நான் பாத்ததே இல்ல தம்பி. அந்த நாயுடுவும் பாத்திருக்க மாட்டாரு, அதான் பயந்துட்டாரு."

பெருநாளுக்கு மறுநாள்

பெருநாளுக்கு மறுநாள் காலை கம்பெனிக்குப் போனால், முற்றத்தில் ராமய்யா நாயுடுவும் இன்னும் சில வியாபாரிகளும் உட்கார்ந்திருந்தார்கள். கோடை வெயிலில் உப்புப் போட்ட தோலை எத்தனை நாள் கோணிக்குள் வைத்திருக்க முடியும்? விலை ஏறும் ஏறும் என்று காத்திருந்துவிட்டு, சரக்கு கெட்டுவிடும் என்ற பயத்தில் ஆம்பூருக்கே கொண்டுவந்துவிட்டார்கள். தஸ்தகீர் பாய் துண்டை விரித்துக்கொண்டு அவர்களோடு விரலால் பேசிக்கொண்டிருந்தார். முகத்தை நன்றாகச் சுளித்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே வந்ததும் நாயுடு பேச்சை நிறுத்தி எழுந்து நின்று எனக்கு வணக்கம் வைத்தார். என் முகத்திலிருந்து ஏதாவது செய்தி தெரியுமா என்று உற்றுப் பார்த்தார். பயத்தில் என் முகம் மரக்கட்டை மாதிரி இருந்தது. அதைப் பார்த்து அவருக்கு என்மேல் மதிப்பு இன்னும் கூடிவிட்டது என்று பாய் பிறகு சொன்னார்.

உள்ளே அய்யர் அந்த முதல் வகுப்பு விண்ணப்பத்தைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு ஹாஜியார் முன் நின்றிருந்தார். சந்தையில் நான் செய்ததைப் பாயிடம் கேட்டறிந்து ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். எல்லாம் உண்மைதான், மறுக்க எனக்கு ஒன்றுமில்லை. ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டு முற்றத்தைப் பார்த்தார். பிறகு அய்யரிடம், "இவன அனுப்பிட்டா, நாம தெரியாம செஞ்சிட்டோம்னு சந்தை பூரா சிரிக்கும். வெச்சுக்கிட்டா, எதையோ தெரிஞ்சுதான் செஞ்சோம்னு பயப்படும். எது லாபம்னு நீங்களே கணக்குப் போட்டுச் சொல்லுங்க அய்யரே" என்றார். அய்யர் கணக்கில் பொய் சொல்லாதவர். விண்ணப்பத்தை மடித்து, ஆடிக்கொண்டிருந்த மைக்கூட்டுக்கு அடியில் முட்டுக் கொடுத்தார். நன்றி சொல்லக் கையை நீட்டினேன். ஹாஜியார் தம் கையைச் சட்டென்று ஜிப்பாவுக்குள் இழுத்துக்கொண்டு, இனி சந்தைப் பக்கம் போனால் இரண்டு கையும் ஜேபிக்குள் இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

நான் என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தேன். அய்யர் பின்னாலேயே வந்தார். பொடி டப்பாவைத் திறந்து, முதல் தடவையாக என் பக்கம் நீட்டினார். நேர்காணலின்போது என் மூக்கு அடைத்திருந்தது அவருக்குத் தெரியுமோ என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். நான் ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டேன், கண்ணில் நீர் வரத் தும்மினேன். அவர் டப்பாவை மூடிக்கொண்டே சொன்னார்: "உன்னை உள்ளே விட்டது மூக்கு. வெச்சுண்டது கை. தலைக்கு வேலை வர்றப்போ நானே சொல்லி அனுப்பறேன்."

அந்த வேலை எப்போது வரும் என்று காத்திருந்து காத்திருந்து, கடைசியில் அதே கம்பெனியில் அதே அய்யரின் நாற்காலியிலிருந்து நான் ஓய்வும் பெற்றுவிட்டேன்.